கடல் கடக்கும் கலாசாலைகள்

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பெங்களூர் விமான நிலையத்திற்கு அண்மையில் ஒரு பள்ளிக்கூடம் திறக்கப்பெற்றது. கட்டடம் புதியது, ஆசிரியர் புதியவர், மாணவரும் புதியவர். பெயர் ஒன்றுதான் பழையது. இலண்டன் நகரின் வடமேற்கே ஹாரோ என்னும் குன்றின்மேல் நானூற்றைம்பது ஆண்டுகளாக நின்று வரும் கலாசாலையின் பெயர் அது. ஜவாஹர்லால் நேரு 1905 முதல் 1907 வரை அங்கே பயின்றார். அவருக்குச் சில ஆண்டுகள் முன்னர் அதே பள்ளியில் பயின்றவர் வின்ஸ்டன் சர்ச்சில். 1942இல் நேரு அகமதுநகர்க் கோட்டையில் சிறையிருந்தபோது பிரிட்டனின் பிரதம மந்திரியாக வீற்றிருந்தவரும் அந்தச் சர்ச்சிலே. அடைத்த ஆட்சியின் தலைவரையும் அடைபட்டவரையும் ஒரே பள்ளி வளர்த்தது என்பது சரித்திரத்தின் குறும்பு என்றே சொல்லவேண்டும்.

அதே 2023இல் பூனாவில் வெலிங்டன் கல்லூரியின் பெயரால் ஒரு பள்ளி தோன்றியது. 2025இல் போபாலில் ஷ்ரூஸ்பரி என்னும் பெயர் தாங்கிய மற்றொன்று வந்தது. சார்லஸ் டார்வின் சிறுவனாக இருந்தபோது படித்த பள்ளி ஷ்ரூஸ்பரி. இங்கிலாந்தின் புகழ்பெற்ற கலாசாலைகள் இவ்வாறு ஒவ்வொன்றாகக் கடல் கடந்து வருகின்றன.

இதைப்பற்றிப் பேச ஆரணியிலிருந்து ஒருவன் வரவேண்டுமோ என்று நேயர்கள் நினைத்தல் கூடும். நான் ஆரணியில் நெசவுக் குடும்பத்திற் பிறந்து, அவ்வூரிலேயே பல ஆண்டுகள் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் தறிகளில் ஏறும் பட்டு நூலின் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்து வருகிறது. பட்டுக்கூட்டுச் சந்தைக்குப் பேர்போன சித்லகட்டா, பெங்களூர் விமான நிலையத்திற்கு அப்பால், அதிகத் தொலைவில்லாத ஊர். ஆகவே அந்தத் திசை எங்களுக்குப் பழக்கமான திசைதான். எனினும் நூல் வரும் வழியைச் சொல்ல நான் வரவில்லை. ஒரு பொருளிலிருந்து அதன் பெயரைப் பிரித்து எடுத்து வேறோர் இடத்திற் கொண்டுபோய் வைக்கலாமா, வைத்தால் அந்தப் பெயரோடு கூடப் போவது எது, போகாமல் நின்றுவிடுவது எது என்ற வினா நெசவாளர் ஊருக்கு நெடுநாளைய வினா.

ஆரணி, வேலூருக்குத் தெற்கே, கமண்டல நாகநதியின் கரையில் உள்ளது. பட்டும் அரிசியும் அவ்வூரின் இரு கைகள். சௌராஷ்டிரரும் செங்குந்தரும் பிறரும் தலைமுறை தலைமுறையாகப் பட்டு நெய்து வருகின்றனர். ஆரணிப் பட்டு என்ற பெயருக்கு அரசாங்கத்தின் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. ஆயினும் ஆரணியில் நெய்த சேலை வேறு ஊர்க் கடைகளில் காஞ்சிபுரம் என்ற பெயரோடு அடுக்கில் ஏறுவதை எங்கள் ஊர்க் குழந்தையும் அறியும். கை எங்களுடையது, பெயர் அயலூருடையது. கலாசாலைகளின் கதையோ இதற்கு நேர் எதிரானது. அங்கே பெயர் அயலூர் சென்று குடியேறுகிறது. கை மட்டும் ஊரோடு தங்கிவிடுமோ என்பதுதான் ஐயம்.

அந்தப் பெயர்கள் எப்படிப் பிறந்தன என்பதை முதலிற் காண்போம். ஹாரோவை நிறுவிய ஜான் லயன் பிரபு அல்லர். நிலம் வைத்திருந்த ஒரு குடியானவர். 1572ஆம் ஆண்டில் எலிசபெத் அரசியாரிடம் சாசனம் பெற்று, தம் ஊர்ச் சிறுவர் கட்டணமின்றிப் படிப்பதற்காக அப்பள்ளியை ஏற்படுத்தினார். ஈட்டன் கலாசாலை 1440இல் ஆறாம் ஹென்றி மன்னர் ஏழை மாணாக்கர் எழுபது பேருக்காகத் தோற்றுவித்தது. டல்விச் கலாசாலையை 1619இல் நிறுவியவர் எட்வர்டு ஆலின் என்னும் நாடக நடிகர். ஷேக்ஸ்பியர் காலத்தவர். மேடையில் ஈட்டிய பொருளைக் கொண்டு பன்னிரண்டு ஏழைச் சிறுவர்க்கு அவர் கல்வி அளித்தார். இன்று செல்வத்தின் சின்னமாக நாம் காணும் இப்பள்ளிகளின் அடிக்கல்லில் எழுதியிருப்பது ஏழையின் பெயர்!

ஜான் லயனின் விதிகளில் வேடிக்கையான ஓர் இடம் உண்டு. ஊர்ப் பிள்ளைகளுக்கு இலவசம். ஆனால் ஆசிரியருக்கு வரும்படி வேண்டுமே! ஆகையால் வெளியூர்ப் பிள்ளைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு சேர்க்கலாம் என்று அவர் இடங்கொடுத்தார். அந்த வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அவ்விதிகள் இட்ட பெயர் 'அயல்நாட்டார்' என்பது. அயல்நாட்டார் என்றால் கடலுக்கு அப்பாலுள்ளவர் அல்லர், பக்கத்து ஊர்க்காரர்தாம். இந்தச் சிறு வாயிலின் வழியே நாளடைவில் வெள்ளம் புகுந்தது. பணம் தருபவர் நிறைந்தனர். இலத்தீனும் கிரேக்கமுமே பாடமாக இருந்த இடத்தில் கடைக்காரர் மகனுக்கும் குடியானவர் மகனுக்கும் என்ன வேலை? ஊர்ப் பிள்ளைகள் மெல்ல மெல்ல விலகினர். இறுதியில் 1876இல் உள்ளூர்ச் சிறுவருக்கென்றே ஜான் லயனின் பெயரால் அருகில் வேறொரு பள்ளி ஏற்படுத்தவேண்டியதாயிற்று. எவருக்காக முதற்பள்ளி எழுந்ததோ அவர்க்கு இரண்டாம் பள்ளி தேவைப்பட்டது. இடையில் கழிந்தவை முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல்.

ஆங்கிலப் பாணிப் பள்ளிகள் நம் பக்கம் வருவது இது முதல் முறை அன்று. சர் ஹென்றி லாரன்ஸின் நினைவாக, படைவீரரின் அநாதைக் குழந்தைகளுக்கென்று 1858இல் உதகமண்டலத்தில் தொடங்கிய நிலையமே இன்றைய லவ்டேல் லாரன்ஸ் பள்ளி. 1859இல் சிம்லாவிற் பள்ளி ஏற்படுத்தியவர் பிஷப் காட்டன். அவர் ரக்பி பள்ளியில் தாமஸ் ஆர்னால்டின் கீழ் ஆசிரியராக இருந்தவர். 1935இல் டேராடூனில் டூன் பள்ளி திறந்தபோது, அதன் முதல் தலைமையாசிரியராக வந்த ஆர்தர் ஃபுட் ஈட்டனில் கற்பித்தவர். அவரோடு வந்து உழைத்த மார்ட்டின் ஹாரோவில் கற்பித்தவர். இலங்கையிலும் இவ்வாறே. 1851இல் கொழும்பில் புனித தோமையார் கல்லூரியை நிறுவிய பிஷப் சாப்மன் ஈட்டனில் வளர்ந்தவர்.

இவற்றில் ஒரு செய்தியைக் கவனியுங்கள். காட்டன் தம் பள்ளிக்கு ரக்பி என்று பெயர் வைக்கவில்லை. டூன் பள்ளிக்கு ஈட்டன் என்றோ ஹாரோ என்றோ எவரும் பெயர் வைக்கவில்லை. பெயர் வரவில்லை, மனிதர் வந்தனர். பழைய பள்ளியில் பல ஆண்டு பழகிய ஆசிரியர் ஒருவர் தம் பழக்கத்தையெல்லாம் கையிலும் நாவிலும் சுமந்துகொண்டு வந்தார்; புதிய நிலத்தில் அதை ஊன்றினார்.

எங்கள் தறியில் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. ஒரு பாவு நெய்து முடியும்போது கடைசி இழைகளை அறுத்தெறிந்துவிடமாட்டோம். அச்சிலும் விழுதிலும் பழைய பாவின் நுனியை அப்படியே விட்டுவைப்போம். புதிய பாவு வந்ததும் அதன் ஒவ்வோர் இழையையும் பழைய நுனியோடு சேர்த்து, விரலிற் சாம்பல் தொட்டு முறுக்கி இணைப்போம். ஆயிரக்கணக்கான இழைகள். கண் வலிக்கும், முதுகு வலிக்கும். ஆனால் பழைய நுனி இல்லாவிடில் ஒவ்வோர் இழையையும் அச்சில் புதிதாகக் கோத்தாகவேண்டும். காட்டனும் ஃபுட்டும் அந்தப் பழைய பாவின் நுனி போன்றவர்கள்.

அத்தகைய பள்ளிகள் நமக்கு நன்மையே செய்தன என்று சொல்லிவிட முடியுமா? அதுவும் முடியாது. ஆண்டானின் பிள்ளைகளுக்கும் ஆண்டானை அடுத்திருந்தவரின் பிள்ளைகளுக்குமே அவற்றுட் பல எழுந்தன. எனினும் கல்வி என்பது கொடுத்தவர் எண்ணியபடியே நடந்துகொள்ளும் பொருள் அன்று. 1835இல் தொடங்கி, கொழும்பு அகாடமி என்ற பெயரால் வளர்ந்து, 1881இல் ராயல் கல்லூரி என்று பெயர் மாறிய பள்ளியிற் படித்தவர் பொன்னம்பலம் அருணாசலம் என்னும் தமிழர். கேம்பிரிட்ஜ் சென்று பயின்று, 1875இல் இலங்கை சிவில் சர்வீஸில் போட்டித் தேர்வின் வாயிலாக முதன்முதல் நுழைந்த இலங்கையரானார். அவரே 1906இல் இலங்கைக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்ற சங்கத்தைத் தொடங்கினார். தாய்மொழிக் கல்விக்கும் குரல் கொடுத்தார். ஆங்கிலப் பள்ளி தந்த கண்ணாடியை அணிந்துகொண்டு அவர் தம் நாட்டின் குறையைத்தான் பார்த்தார்.

இப்போது வரும் பள்ளிகளின் முறை வேறு. 1996இல் டல்விச் கலாசாலையின் பெயர் தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குச் சென்றது. 1998இல் ஹாரோவின் பெயர் பாங்காக்குக்குச் சென்றது. பின்னர் சீனம், ஹாங்காங், வளைகுடா நாடுகள் எனப் பரவிற்று. ஏற்பாடு பெரும்பாலும் இப்படித்தான். உள்ளூர் முதலாளி அல்லது கல்வி நிறுவனம் நிலம், கட்டடம், முதல் எல்லாவற்றையும் போடும். இங்கிலாந்துப் பள்ளி தன் பெயரையும் சின்னத்தையும் உரிமமாகத் தரும். பாடத்திட்டத்துக்கும் ஆசிரியர் தேர்வுக்கும் ஆலோசனை கூறும். அவ்வப்போது வந்து மேற்பார்வை செய்யும். அதற்கு ஈடாக ஆண்டுதோறும் ஒரு தொகை பெறும். இங்கிலாந்தில் இப்பள்ளிகளிற் பல தர்ம ஸ்தாபனங்கள். ஆதலின் வியாபாரத்திற்கென்று தனிக் கம்பெனி ஒன்றை அமைத்து, அதன் இலாபத்தைத் தாய்ப்பள்ளிக்குத் திருப்புவர். அப்பணம் அங்கே ஏழை மாணவரின் உபகாரச் சம்பளத்துக்கு உதவும் என்பர். 2025 ஜனவரி முதல் பிரிட்டனில் தனியார் பள்ளிக் கட்டணத்தின்மீது நூற்றுக்கு இருபது வீதம் வரி விதித்தாகிவிட்டது. எனவே அயல்நாட்டு வருமானத்தின் அருமை முன்னிலும் கூடியிருக்கிறது.

பெயரைக் கடனாகக் கொடுப்பதில் ஓர் இடரும் உண்டு என்பதைச் சீன தேசம் காட்டியது. 2021 செப்டம்பர் முதல் அந்நாட்டுக் கட்டாயக் கல்வி வகுப்புகளில் அயல்நாட்டார் அதிகாரமும் அயல்நாட்டுப் பாடத்திட்டமும் கூடா என்று அரசு விதித்தது. பெய்ஜிங்கில் ஹாரோவின் பெயரோடு நடந்த இருமொழிப் பள்ளி 'லிடே' என்ற சீனப் பெயருக்கு மாறிற்று. வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளி, சீனாவிற் கிளை திறக்கும் திட்டத்தையே கைவிட்டது. ஒட்டிய பெயரை ஓர் உத்தரவால் உரித்துவிட முடிகிறது. காட்டனின் பள்ளியிலிருந்து எந்த உத்தரவு ரக்பியை உரிக்கும்? அங்கே உரிப்பதற்குப் பெயரே இல்லை!

இனி என் மனத்தை உறுத்தும் இடத்துக்கு வருகிறேன். பாங்காக்கிலோ பெங்களூரிலோ ஒரு தந்தை ஆண்டுக்குப் பல இலட்சம் ரூபாய் கட்டணம் செலுத்துகிறார். அதில் ஒரு துளி கடல் கடந்து சென்று இங்கிலாந்தில் ஓர் ஏழைச் சிறுவனின் படிப்புக்கு ஆகிறது. ஜான் லயனின் பழைய விதிதான் இது. அயல்நாட்டார் கட்டணம், ஊர்ப் பிள்ளைக்கு இலவசம். இதை நான் குறைகூற மாட்டேன். எங்கோ ஒரு பிள்ளை படித்தால் நன்றே. ஆனால் பெங்களூர்ப் பள்ளிக்கும் ஓர் ஊர் உண்டு அல்லவா? அது நிற்கும் நிலத்தைச் சுற்றிலும் கிராமங்கள் உண்டு. திராட்சைத் தோட்டத்திலும் மல்பெரித் தோட்டத்திலும் வேலை செய்பவரின் பிள்ளைகள் உண்டு. ஜான் லயனின் கண்ணுக்கு அவர்கள்தாம் ஊர்ப் பிள்ளைகள். பெயரை விலைக்கு வாங்கும்போது அந்தப் பெயருக்குரியவர் எழுதிய முதல் விதியையும் சேர்த்து வாங்கவேண்டும் என்று ஏன் எவரும் வற்புறுத்துவதில்லை?

சட்டம் இல்லாமல் இல்லை. 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு இருபத்தைந்து இடங்களை அக்கம்பக்கத்து நலிந்த பிரிவினர்க்கு ஒதுக்கவேண்டும் என்கிறது. ஆனால் கர்நாடக அரசு 2019இல் விதியைத் திருத்தி, அருகில் அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ இருக்குமானால் தனியார் பள்ளிக்கு அக்கடமை இல்லை என்றது. அரசுப் பள்ளி அருகில் இல்லாத இடம் எது? தமிழ்நாட்டில் இத்தகைய கலாசாலை ஒன்று நாளை வருமானால், 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் அதன் வாயிலிலேயே நிற்கும். தமிழைப் பாடமாகக் கற்பித்தாகவேண்டும். மொழிக்கு இப்படி ஒரு காவல் இருக்கிறது. ஊர்ப் பிள்ளைக்கும் அத்தகைய காவல் ஒன்று உரிம ஒப்பந்தத்திலேயே எழுதப்படவேண்டும் என்பது என் கட்சி. அரசு நிலம் தரும்போதோ அனுமதி தரும்போதோ கேட்டால் கிடைக்கும். திறப்பு விழா முடிந்தபின் கேட்டால் கிடைக்காது.

இவையெல்லாம் பெருநகரத்துச் செய்திகள், சிற்றூர்க்கு என்ன என்று கேட்கலாம். பெரிய கடையில் ஒரு புதிய கரை வந்தால் ஆறு மாதத்தில் சிறிய தறியில் அதன் சாயல் வந்துவிடும். பள்ளிகளிலும் அப்படியே. நம் ஜில்லாக்களின் சிறு பட்டணங்களிலெல்லாம் 'இண்டர்நேஷனல்' என்ற சொல் பலகையில் ஏறிவிட்டது. அவற்றுள் நல்ல பள்ளிகளும் உண்டு. ஆனால் அந்தச் சொல்லுக்கும் வேறு எந்த நாட்டுக்கும் யாதொரு தொடர்பும் இல்லாத இடங்கள் பல.

என் பழைய மாணவர் ஒருவர் தறி நெய்கிறார். மகளை ஆறாம் வகுப்பிற் சேர்க்கவேண்டும். அத்தகைய பள்ளி ஒன்றின் வண்ணத்தாளைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். கட்டணத் தொகையைக் கண்டேன். முதலாளியிடம் முன்பணம் வாங்கித்தான் கட்டவேண்டியிருக்கும்.

"எந்த நாட்டோடு இவர்களுக்குத் தொடர்பு என்று விசாரித்தீரா?" என்றேன்.

"கேட்டேன் ஐயா. பதிவு செய்த பெயரே அப்படித்தான் என்றார்கள்" என்றார். சற்றுப் பொறுத்து, "நம் சேலைமேல் காஞ்சிபுரம் என்று சீட்டு ஒட்டுகிறார்களே, அதுபோலத்தானே ஐயா?" என்று சிரித்தார்.

"அதுபோல அன்று. நம் சேலையில் சீட்டு வேறே ஒழிய உள்ளே இருப்பது பட்டு. இங்கே உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தீரா?"

அவர் பதில் சொல்லவில்லை. பட்டு நூலைச் சோதிக்க நாங்கள் அறிந்த வழி எளியது. ஓர் இழையை நெருப்பிற் காட்டினால் மயிர் கருகும் வாசனை எழும். எரிந்த மிச்சத்தை விரலால் நசுக்கினால் பொடியாகும். கலப்பு நூல் உருகிக் கட்டியாய் நிற்கும். பள்ளியை அவ்வாறு சோதிக்க அவருக்குச் சில கேள்விகளைச் சொல்லிக்கொடுத்தேன். சென்ற ஆண்டு கற்பித்த ஆசிரியர்களுள் எத்தனை பேர் இந்த ஆண்டும் இருக்கிறார்கள் என்று கேளும். ஆண்டுதோறும் ஆசிரியர் மாறும் பள்ளியில் பாவு ஒருபோதும் நீளாது. முடிவில் மாணவர் எழுதும் தேர்வு எது, அதை நடத்துபவர் யார் என்று கேளும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தேர்வு 1863இல் டிரினிடாட் தீவில் பத்துப் பேர் எழுதியதிலிருந்து கடல் கடந்து நடந்து வருகிறது. அதன் விடைத்தாளைத் திருத்துபவர் பள்ளியின் பலகையைப் பார்ப்பதில்லை. அத்தேர்வு உண்மையில் உண்டானால் உண்டு என்று காட்டட்டும். இல்லையானால் நம் மாநிலத் தேர்வுக்கு எதற்கு அயல்நாட்டுப் பெயர்? நூலகத்தில் புத்தகங்கள் அலமாரிக்குள் பூட்டியிருக்கின்றனவா, பிள்ளைகள் கைபட்டு ஓரம் நைந்திருக்கின்றனவா என்று நீரே போய்ப் பாரும் என்றேன்.

அரசுப் பள்ளியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னேன். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிற் படித்தவர்க்கு மருத்துவக் கல்லூரி இடங்களில் நூற்றுக்கு ஏழரை வீதம் 2020 முதல் நம் மாநிலத்தில் ஒதுக்கப்பட்டுள்ளது; மறு ஆண்டு பொறியியல் முதலிய தொழிற்கல்விக்கும் அது விரிந்தது. ஆறாம் வகுப்பில் எடுக்கும் முடிவு பன்னிரண்டாம் வகுப்பில் வந்து நிற்கும் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. அரசுப் பள்ளியில் குறை இல்லையென்று நான் சொல்லவில்லை; முப்பது ஆண்டு கரும்பலகையின் முன் நின்றவன், குறைகளை நன்கு அறிவேன். அங்கேயும் அதே கேள்விகளைக் கேளும் என்றுதான் சொல்லி அனுப்பினேன்.

இந்தப் பேச்சை எழுதும் நாள்வரை அவர் முடிவு செய்யவில்லை. தறியில் முகூர்த்தச் சேலைப் பாவு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் இரண்டு சேலை பாக்கி. அது இறங்கியதும் மகளையும் அழைத்துக்கொண்டு இரண்டு பள்ளிகளுக்கும் போய்வருவதாகச் சொல்லியிருக்கிறார்.